சிவப்பு வரிகளைக் கீழிருந்து வாசியுங்கள்

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்குப் பைதன் என்ற நிரல்மொழியைச் சொல்லிக் கொடுக்கிறேன். செய்நிரல் வழுவால் நின்று திரையில் சிவப்பாக நாலு வரி வந்தால் போதும், வாசிக்காமலே "சேர், வேலை செய்யவில்லை" என்று கை உயர்ந்துவிடும். ஏன் வேலை செய்யவில்லை என்பதைத்தான் அந்த வரிகள் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இரணைமடுக் குளத்தின் கீழ் விளைந்த காலபோக நெல்லுக்குக் கணக்குப் போட ஒரு மாணவி எழுதிய செய்நிரல் இப்படி நின்றது. ஆங்கிலத்தில் வந்ததைச் சுருக்கித் தமிழில் தருகிறேன்:

வரி 31: அறிக்கை_எழுது()
வரி 24, அறிக்கை_எழுது: மொத்தம்_கணி(பதிவுகள்)
வரி 15, மொத்தம்_கணி: எடை_வாசி(பதிவு)
வரி 6, எடை_வாசி: ஃபுளோட்(பதிவு)
வேல்யூ எரர்: எண்ணாக மாற்ற முடியவில்லை: '68 கிலோ'

(சார்பு என்பது ஒரு வேலையைச் செய்யப் பெயரிட்டு எழுதிய நிரல் துண்டு. பைதன் 3இல் சார்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். நான் வைக்கச் சொல்வேன்.)

முதலில் கடைசி வரி. மேற்கோள் குறிக்குள் இருப்பதைப் பாருங்கள்: எண்ணோடு 'கிலோ'வும் ஒட்டி வந்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு படியாக மேலே ஏறி, யார் யாரை அழைத்தார், எதைக் கொடுத்தார் என்று கேளுங்கள். எடை_வாசியை 15ஆம் வரியில் மொத்தம்_கணி அழைத்தது. அதை 24ஆம் வரியில் அறிக்கை_எழுது அழைத்தது.

பலர் தவறவிடும் இடம் இதுதான். அழைத்த சார்பு, அழைக்கப்பட்டது திரும்பி வரும்வரை அந்த வரியிலேயே காத்து நிற்கும். அப்படி நிற்பவர்களின் வரிசை மட்டுமே திரையில் தெரிகிறது. வேலையை முடித்துத் திரும்பிவிட்ட சார்பு அதில் இருக்காது. இங்கே 23ஆம் வரியில் அழைக்கப்பட்டு முடிந்துவிட்ட கோப்பை_வாசி என்ற சார்புதான் '68 கிலோ'வைச் சுத்தம் செய்யாமல் பதிவுகளுக்குள் போட்டது. பட்டியலில் அதன் பெயரே இல்லை! ஆகவே 24ஆம் வரிக்கு வந்ததும், 'பதிவுகள்' எங்கே நிரப்பப்பட்டது என்று தேடிப் போங்கள்.

6ஆம் வரியைச் சுற்றி, வழுவைப் பிடித்துக்கொள்ளும் 'ட்ரை' கட்டளையைப் போட்டு, வழு வந்தால் பூச்சியம் என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. சிவப்பு மறையும், ஒரு விவசாயியின் மூட்டையும் கணக்கிலிருந்து மறையும்.

ஜாவா என்ற நிரல்மொழியில் வரிசை தலைகீழ்: கடைசியாக அழைக்கப்பட்டது மேலே இருக்கும். 'காஸ்ட் பை' (இதனால் வந்தது) என்று தொடங்கும் வரிகள் பல வந்தால், அவற்றில் ஆகக் கீழே உள்ளதே பெரும்பாலும் மூலக் காரணம். பிறர் எழுதி வைத்த நூலகக் கோப்புகளின் வரிகளைத் தாண்டி, நீங்கள் எழுதிய கோப்பின் பெயர் வரும் இடத்தில் நில்லுங்கள்.

பிறகும் பிடிபடவில்லையென்றால் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பாதித் திரையைப் படம் பிடித்து அல்ல, 'ட்ரேஸ்பேக்' என்ற முதல் வரியிலிருந்து முழுவதையும் எழுத்தாக நகலெடுத்து.