சுமைக்கேற்ப மோட்டாரை ஓட்டி மின்சாரம் மிச்சப்படுத்தும் முறை

கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்து நார் மில்களிலும் சித்தூர் வட்டத்து அரிசி ஆலைகளிலும் நான் பார்த்த இண்டக்‌ஷன் மோட்டார்களில் பல, இழுக்க வேண்டிய சுமைக்கு மிகப் பெரியவை. எனவே எந்தக் கருவியையும் வாங்கும் முன் சுமையை அளந்துவிடுங்கள். கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டர் காட்டும் ஆம்பியரை மட்டும் நம்ப வேண்டாம். காந்தப்புலத்தை உண்டாக்குவதற்கென்றே மோட்டார் ஒரு மின்னோட்டத்தை எடுத்துக்கொள்வதால், வெறுமனே சுழலும்போதும் முழு ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கை அது காட்டக்கூடும். டேக்கோமீட்டரால் வேகத்தைப் பாருங்கள். நேம் பிளேட்டில் நிமிடத்துக்கு 1440 சுற்று என்றிருக்கும் நான்கு துருவ மோட்டார், 50 ஹெர்ட்ஸில் முழுச் சுமையின்போது, காந்தப்புலம் சுழலும் வேகமான 1500-இலிருந்து 60 சுற்று பின்தங்கும். இப்போது 1476 ஓடினால் பின்தங்குவது 24 சுற்றுதான். அதாவது சுமை ஏறத்தாழ 40 சதவீதம்.

சுமை எந்நேரமும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழேயே இருந்தால், டெல்டாவில் ஓடும் மோட்டாரை ஸ்டாரிலேயே ஓட விடலாம் (இவை மோட்டாரின் மூன்று காயில்களை இணைக்கும் இரு முறைகள்). ஒவ்வொரு காயிலுக்கும் 415 வோல்ட்டுக்குப் பதில் 240 வோல்ட்டே கிடைப்பதால் மோட்டாரின் இரும்புப் பகுதியில் வீணாகும் மின்சாரம் (இரும்பு இழப்பு) குறையும். ஆனால் முறுக்குவிசையும் மூன்றில் ஒன்றாகிவிடும் என்பதால், லைன் ஆம்பியர் நேம் பிளேட் அளவில் 58 சதவீதத்தைத் தாண்டினால் ரிலே விழுந்து மோட்டார் நின்றுவிடும்படி அமைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் காயில் கருகிவிடும்.

பெரிய மிச்சம் கிடைப்பது ப்ளோயரிலும் பம்பிலும்தான். அரிசி ஆலையில் உமியை ஊதும் ப்ளோயரின் ஷட்டரைப் பாதி மூடி, அது அதிர்ந்து கொண்டிருக்க, மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஷட்டரை முழுவதும் திறந்துவிட்டு, மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. டிரைவ் மூலம் 50 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொரு ஹெர்ட்ஸாகக் குறைத்துக்கொண்டே வந்து, உமி தேங்கத் தொடங்குவதற்குச் சற்று மேலே நிறுத்துங்கள். காற்றின் அளவு ப்ளோயர் சுற்றும் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்திறன் அந்த வேகத்தின் மும்மடியிலும் மாறுவதால், 40 ஹெர்ட்ஸில் காற்று 80 சதவீதம் வரும். ப்ளோயருக்கு வேண்டிய திறனோ பாதியளவாகிவிடும். கிணற்று பம்பில் நீரை மேலேற்றும் உயரம் மாறாதாகையால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

நார் மில்லில் தேங்காய் மட்டை அடிக்கும் இயந்திரம் முழுச் சுமையில் ஒரே வேகத்தில் ஓடுவதானால், டிரைவ் தன் பங்குக்குச் சிறிது மின்சாரத்தை இழக்குமே தவிர எதையும் மிச்சப்படுத்தாது. அங்கே பழைய மோட்டார் எரியும்போது ரீவைண்டிங் செய்யாமல் மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் ஐ.இ.3 தர மோட்டார் வாங்குவதே நல்லது என்பது என் கருத்து.

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கெப்பாசிட்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். வேகம் குறையும்போது மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால், 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட்ட வேண்டியிருந்தால் தனி விசிறி வையுங்கள். நார்த்தூள் படியும் இடமானால் டிரைவை மூடிய பெட்டியில் வைத்து, வடிகட்டியை வாரந்தோறும் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். மெயினை அணைத்த பிறகும் உள்ளே மின்னழுத்தம் தங்கியிருக்கும். டிரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம் கடந்து, மீட்டரால் சோதித்த பிறகே கை வையுங்கள்.