கொழும்பிலிருந்து ஒரு கொரியக் கழகத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி

கழக வரலாறு எழுதப் புறப்படுகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது அந்தக் கழகமே வெளியிட்ட விழா மலரை. ஸ்தாபகர் படம், போசகரின் ஆசிச் செய்தி, முன்னாள் தலைவர்களின் வரிசை எல்லாம் அதில் இருக்கும். கூட்டமே நடக்காத வருடங்கள் மட்டும் இருக்காது. உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த வருடங்களில்தான் கிடக்கிறது. ஆகவே மலரை மூடி வைத்துவிட்டு ஓர் அட்டவணையில் தொடங்குங்கள்.

எடுத்துக்காட்டாக, ஆசியாவைப் பற்றி ஆராயும் கழகமான ரோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் கொரியக் கிளையை வைத்துக்கொள்வோம். 1900 ஜூன் 16 அன்று சியோலில் தொடங்கியது. முதல் தலைவர் பிரித்தானியத் தூதரக அதிகாரி ஜோன் ஹரிங்டன் கபின்ஸ். முன்னின்றவர்களில் ஹோமர் ஹல்பர்ட், ஜேம்ஸ் ஸ்கார்த் கேல் போன்ற மிஷனரிமார் இருந்தார்கள். கொழும்பில் இருப்பவருக்கு இது வசதியான தேர்வு. 1845இல் இங்கே தொடங்கிய இலங்கைக் கிளையும் அதே குடும்பம் என்பதால், கூட்டறிக்கை, ஆண்டறிக்கை, இதழ் எல்லாவற்றின் அமைப்பும் ஒத்துப்போகும். கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பழைய தொகுதிகளின் மின்வருடல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.

‘கிளை’ என்ற சொல்லை நம்பி எல்லாப் பதிவும் லண்டனில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். 1823இல் தொடங்கிய லண்டன் கழகத்தின் பெயரைச் சூடிக்கொண்டாலும், கிளைகள் தங்கள் சந்தாவையும் இதழையும் தாங்களேதான் பார்த்துக்கொண்டன.

அட்டவணைக்கு நீளமான கணக்குக் கொப்பி ஒன்று போதும். 1900 முதல் 1950 வரை வருடத்துக்கு ஒரு வரி, மொத்தம் 51 வரிகள். நிரல்கள் ஆறு: வருடம், நடந்த கூட்டம், வாசித்த கட்டுரை, நிர்வாகிகள், வெளிவந்த தொகுதி, எங்கே பார்த்தேன் என்ற குறிப்பு. கடைசி நிரலைச் சோம்பலில் விடுகிறவர்கள்தான் மூன்று மாதம் கழித்து ஒரு திகதிக்காக முழுத் தொகுதியையும் மறுபடி புரட்டுகிறார்கள். கணினியில் செய்தாலும் வரிகளை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். தகவல் கிடைத்த வருடத்துக்கு மட்டும் வரி சேர்த்துக்கொண்டு போனால் வெற்றிடம் கண்ணில் படாது.

நிரப்பும்போது மூன்று திகதிகள் ஒன்றோடொன்று மோதும்: கட்டுரை வாசிக்கப்பட்ட நாள், தொகுதியின் முகப்பில் உள்ள வருடம், விடயம் உண்மையில் உருவான வருடம். கொரிய மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் மக்கியூன்–ரைஷவர் முறை உருவானது 1937இல். இந்தக் கழகத்தின் இதழில் அச்சேறியது 1939இல், 29ஆம் தொகுதியில். இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்தால், கழகம்தான் அந்த முறையை 1939இல் உருவாக்கியது என்று உங்கள் கட்டுரை சொல்லும். அது பிழை.

தொகுதி எண்ணும் ஏமாற்றும். 29, 30, 31 என்று எண்கள் அடுத்தடுத்துப் போகும். 30ஆம் தொகுதியின் வருடம் 1940, 31ஆம் தொகுதியின் வருடம் 1948–49. நூலகத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு புத்தகங்களுக்கு நடுவே ஓர் உலகப் போரும் யப்பானிய ஆட்சியின் முடிவும் நாடு இரண்டானதும் இருக்கின்றன. வரிசை எண் ஒழுங்காக இருப்பதைப் பார்த்து, ‘கழகம் தடையின்றி இயங்கியது’ என்று எழுதிவிடாதீர்கள்.

இனி வெற்று வரிகள். முதல் பெரிய வெற்றிடம் 1903க்குப் பிறகு. 1903இல் மூன்றாம் தொகுதி வந்தது. கழகம் மறுபடி கூடியது 1911இல். கை உடனே ‘ரஷ்ய–யப்பானியப் போர்’ என்று எழுதப் பார்க்கும். போர் 1904 பெப்ரவரியில் தொடங்கியது, 1905 நவம்பரில் கொரியா யப்பானின் பாதுகாப்பு நாடானது, 1910 ஓகஸ்ட்டில் முழுதாக இணைக்கப்பட்டது என்பதெல்லாம் உண்மை. ஆனால் இப்படியான சிறு கழகம் படுத்துவிடுவதற்குப் போர் வரத் தேவையில்லை. காரியதரிசிக்கு இடமாற்றம் வந்தால், தனாதிகாரி விடுமுறையில் ஊருக்குப் போனால் போதும். எனவே நிர்வாகிகள் நிரலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும், அவர் எந்த மாதம் சியோலில் இருந்தார் என்று பாருங்கள். ஹல்பர்ட் 1901 முதல் 1906 வரை ‘கொரியா ரிவியூ’ என்ற மாத இதழை நடத்திக்கொண்டிருந்தார். கழகத்துக்கு வந்திருக்கக்கூடிய கட்டுரைகள் அந்தப் பக்கம் போயினவா என்பது இரண்டு இதழ்களின் எழுத்தாளர் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். அரை நாள் வேலை.

வெற்றிடத்தைத் தேடுகிற அவசரத்தில் உள்ளே என்ன பேசினார்கள் என்பதை விட்டுவிடக் கூடாது. முதல் தொகுதியிலேயே ஒரு நல்ல சண்டை இருக்கிறது. கொரியாவின் மீது சீனாவின் தாக்கம் பற்றிக் கேல் வாசித்தார்: அதாவது எங்கு தொட்டாலும் சீனம். அடுத்த கட்டுரையில் ஹல்பர்ட், சீனத்துக்கு அப்பால் கொரியாவுக்கே உரியதாக எஞ்சி நிற்பவை எவை என்று பதில் சொன்னார். கொரியர்களைப் பற்றிய விவாதம். விவாதித்த இருவரும் வெளிநாட்டவர். கட்டுரை எழுதியவர்களைக் கொரியர், வெளிநாட்டவர் என்று பிரித்து எண்ணிப் பாருங்கள். மலர் சொல்லாத இன்னொன்று அங்கே வெளிப்படும்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. இதே ஹல்பர்ட்தான் 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். அதைக் கண்டதும் ‘அம்மா, அப்பா’ ஒற்றுமையில் இறங்கி, கழகத்தை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். அந்த உறவை இன்றைய மொழியியலாளர் பெரும்பாலும் ஏற்பதில்லை. அந்தக் காலத்து ஆய்வாளர் எதைத் தேடினார்கள் என்பதற்குச் சான்றாக ஒரு பந்தி கொடுங்கள், போதும்.

கொரியர்களே நடத்திய கழகம் ஒன்றையும் பக்கத்தில் வைத்தால்தான் படம் முழுமையாகும். கொரிய எழுத்தான ஹங்குலின் பெயரைத் தாங்கிய இன்றைய ஹங்குல் கழகத்தை எடுங்கள். அதன் பிறந்த வருடமே சர்ச்சையில் இருக்கிறது. 1908இல் மொழியறிஞர் ஜூ சி-கியொங்கைச் சுற்றித் தொடங்கிய சங்கத்திலிருந்து எண்ணுவோரும் உண்டு, 1921இல் தொடங்கியதிலிருந்து எண்ணுவோரும் உண்டு. 1931இல் ஜோசொன் (கொரியாவின் பழைய பெயர்) மொழிக் கழகம் என்றும், 1949இல் ஹங்குல் கழகம் என்றும் பெயர் மாறியது. 1908இன் பெயரில் ‘தேசிய மொழி’ என்ற சொல் இருந்தது; 1910க்குப் பிறகு அந்தச் சொல் யப்பானிய மொழியைக் குறிக்கத் தொடங்கியதால் அது நிலைக்க முடியவில்லை. ஆகவே இப்படியான கழகத்துக்கு, அந்த ஆறு நிரல்களோடு பெயர் மாற்றங்களுக்கும் ஒரு தனி நிரல் போடுங்கள்.

1942 ஒக்டோபரில் இந்தக் கழகத்தார் மீது யப்பானியப் பொலிஸாரின் கைது நடவடிக்கை தொடங்கியது.  வழக்கில் சிக்கியோர் 33 பேர். இருவர் சிறையில் இறந்தார்கள். கழகம் தொகுத்துவந்த கொரிய அகராதியின் கையெழுத்துப்படி, சுமார் 26,500 தாள், சான்றுப் பொருளாகப் பறிபோனது. மேன்முறையீட்டுக்காகச் சியோலுக்கு அனுப்பப்பட்ட அந்தக் கட்டு 1945 செப்டெம்பரில் சியோல் ரயில் நிலையக் களஞ்சியம் ஒன்றில் கிடைத்தது. முதல் தொகுதி 1947இலும் ஆறாவதும் கடைசியுமான தொகுதி 1957இலும் வந்தன. 1943, 1944 வரிகளில் வெளியீடு நிரல் வெறுமையாக இருக்கும். ‘செயலற்றிருந்தது’ என்று அங்கே எழுதினால் அது பொய்.

கொரிய மூலங்களில் வருடம் மாற்றும் கணக்கை அட்டவணையின் உள் அட்டையில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். யப்பானியர் காலத்து மூலங்களில் யப்பானியச் சக்கரவர்த்திமாரின் ஆட்சி ஆண்டுகள் வரும்: மெய்ஜி ஆண்டோடு 1867, தாய்ஷோவோடு 1911, ஷோவாவோடு 1925 கூட்ட வேண்டும். ஷோவா 17 என்றால் 1942. 1912க்கும் 1926க்கும் இரண்டிரண்டு ஆண்டுப் பெயர்கள் உண்டு. அந்த வருடங்களில் மாதத்தையும் பாருங்கள். 1948 முதல் 1961 வரை தென் கொரியா, கொரியாவை நிறுவியதாகப் புராணம் சொல்லும் தங்குனின் பெயரிலான ஆண்டைப் பயன்படுத்தியது; அதிலிருந்து 2333 கழிக்க வேண்டும். 4290 என்று அச்சிட்ட புத்தகம் 1957இல் வந்தது.

தேடலில் மோசமானது பெயர்கள். கொரியா ஆங்கிலத்தில் ‘கே’யிலும் தொடங்கும், ‘சி’யிலும் தொடங்கும். யப்பானியர் காலத்துப் பெயரான சோசென்னை ஆங்கில எழுத்தில் தட்டினால், ‘தேர்ந்தெடுத்த’ என்று பொருள்படும் சொல் வந்த பக்கமெல்லாம் கொட்டும். இன்னொரு சொல்லோடு சேர்த்தே தேடுங்கள். சியோல் அப்போது கெய்ஜோ. மக்கியூன்–ரைஷவர் முறையில் உயிரெழுத்தின் மேல் வரும் பிறைக்குறியை மின்வருடல் விழுங்கிவிடும். 2000இல் வந்த புதிய முறையில் எழுத்துக்கூட்டலே வேறு. கொரியாவில் வேலைக்கான பரீட்சைக்கு ஹங்குல் படித்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால், தலைப்புப் பக்கத்தைக் காட்டிப் பெயரைக் கேளுங்கள். பல மணி நேரம் மிச்சமாகும்.

கொழும்பில் நடக்க வேண்டிய தூரம் அதிகமில்லை. கொழும்பு 7இல் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் உள்ள ரோயல் ஏசியாட்டிக் சொசைட்டி நூலகம், தேசிய நூதனசாலை நூலகம், பொது நூலகம் மூன்றும் கிட்டக் கிட்ட. இலங்கைக் கிளையின் ஆண்டறிக்கைகளில் நூலகத்துக்கு வந்த புத்தகங்களையும் பரிமாற்றமாக வந்த இதழ்களையும் பாருங்கள். சியோல் இதழ் எந்த வருடம் வந்தது, எப்போது நின்றது என்று அங்கே பதிவிருந்தால் உங்கள் வெற்று வரிக்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி கிடைத்துவிடும். புத்தகத்தின் பெயரோடு தொகுதி எண்ணையும் எழுதிக் கேளுங்கள். ‘கொரியா பற்றி ஏதாவது’ என்று கேட்டால் சுற்றுலாக் கையேடுதான் வரும்.

தட்டச்சுக்கு முன் தமிழ் எழுத்துக்கூட்டலை முடிவு செய்யுங்கள். குடும்பப் பெயர் முதலில் வர வேண்டும். ஒரே குடும்பப் பெயர் ஆங்கிலத்தில் யி, லீ, ரீ என்று மூன்றாக வரும். ஆளுக்கு ஒரு வடிவம் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் ‘லீ’யை ‘யி’யாக மாற்று என்று கணினிக்குச் சொல்லிவிட்டு எழும்பிப் போனால், ‘இங்கிலீஷ்’ எல்லாம் ‘இங்கியிஷ்’ ஆகியிருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.