ஆபீஸ் டீமாகச் சேற்று ஓட்டத்துக்குப் போகிறீர்களா? ஷூவையும் சுவரையும் முதலில் பாருங்கள்

நிதி திரட்ட நடத்தும் சேற்றுத் தடை ஓட்டத்தில் (சேற்றுக்குழி, சுவர் போன்ற தடைகளைத் தாண்டி ஓடுவது) 5 கிலோமீட்டர் பெரிய தூரமே இல்லை. ஆபீஸ் டீம்கள் திணறுவது இரண்டு இடங்களில்தான்: சேறு ஷூவைப் பிடுங்கிக்கொள்ளும்போது, ஆளுயரச் சுவருக்கு முன்னால் போய் நிற்கும்போது.

வேலூர்க்காரர்களுக்குப் பயிற்சிக்கு இடம் தேட வேண்டியதில்லை. ஆறு வாரம் முன்பே தொடங்கி, வாரம் இருமுறை பாலாற்றுக் காய்ந்த மணலில் 20 நிமிடம் மெதுவாக ஓடுங்கள், கணுக்கால் உறுதிப்படும். மணல் அள்ளிய பள்ளத்தில் தண்ணீர் நின்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், ஆழம் தெரியாது. வாரம் ஒருமுறை ரத்தினகிரி கோயில் படி. தெரிந்தவர் கழனியில் சேடை ஓட்டியிருந்தால் (தண்ணீர் விட்டு உழுது சேறாக்கியிருந்தால்) நடவுக்கு முன் கேட்டுக்கொண்டு பத்து நிமிடம் நடந்து பாருங்கள். சிக்கிய காலை நேராக மேலே இழுத்தால் வராது. அடியில் காற்று புக வழியில்லாததால் சேறு உறிஞ்சிப் பிடிக்கும். குதிகாலைப் பக்கவாட்டில் ஆட்டி இடம் உண்டாக்கி, கால்விரல்களை மேல்நோக்கி மடக்கிக்கொண்டு மெதுவாகத் தூக்குங்கள். ஷூவும் கூடவே வரும்.

தோல் தொழிலுக்குப் பேர்போன ஆம்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு சொல்லக் கூடாதுதான், ஆனால் தோல் ஷூ வேண்டவே வேண்டாம். ஊறினால் கனக்கும், காய்ந்தால் விறைக்கும். வலைத்துணி மேற்புறமும் ஆழமான பல் வைத்த அடிப்பாகமும் உள்ள பழைய ரன்னிங் ஷூ போதும். புகுந்த தண்ணீர் தானே வடிந்துவிடும். புது ஷூ கடிக்கும். லேஸை இரட்டை முடிச்சுப் போட்டு, நுனிகளை உள்ளே செருகுங்கள். பருத்தி சாக்ஸும் பருத்தி டி-ஷர்ட்டும் தண்ணீரைக் குடித்துத் தொங்கும். மெல்லிய பாலியஸ்டர் நல்லது. பாக்கெட் இல்லாத டிராக் பேண்ட் போடுங்கள், பாக்கெட் இருந்தால் சேறு அங்கேதான் குடியேறும். மோதிரம், கொலுசு, மெட்டி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். கழற்ற மனமில்லாத மெட்டியின் மேல் பிளாஸ்திரி சுற்றுங்கள். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் தலைக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

இனி சுவர். 8 அடிச் சுவர் என்றால் முதலில் ஏற வேண்டியவர் மேனேஜர் அல்ல, கைபலம் உள்ளவர். ஒருவர் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை லேசாக மடக்கி, விரல்களைக் கோத்து ஏணியாக நிற்பார். ஏறுபவர் அந்தக் கையில் ஒரு காலையும் பிறகு தோளில் இன்னொரு காலையும் வைப்பார். ஏணி ஆள் முதுகால் தூக்கக் கூடாது. தொடையால் எழ வேண்டும். இல்லையென்றால் மறுநாள் ஆபீஸில் நாற்காலியே பகை. முதல் இருவர் சுவர் மேல் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து மற்றவர்களை மேலே இழுத்துவிட வேண்டும். விரலைப் பிடித்தால் சேற்றில் வழுக்கும். மணிக்கட்டோடு மணிக்கட்டுப் பிடியுங்கள். கனமானவர்களை நடுவில் ஏற்றுங்கள். கடைசி ஆளுக்குக் கீழே துணையில்லை, ஆகவே லேசான, கை வலுவுள்ள ஒருவரை நிறுத்துங்கள். மறுபுறம் குதிக்காதீர்கள்: சுவரைப் பார்த்தபடி கைகளில் தொங்கினால் பாதத்துக்குக் கீழே ஓரடிதான் மிச்சம்.

சேற்றுக்குழியில் தலைகுப்புறப் பாய்வது போட்டோவுக்கு அழகு, கழுத்துக்கு ஆபத்து. உட்கார்ந்து, கால் முதலில் போகட்டும்.

நன்கொடை வசூல் விஷயம் சுருக்கமாக. பணம் ஒரு சக ஊழியரின் ஜிபே எண்ணுக்கு வர வேண்டாம். நன்கொடை தருபவர்கள் அவரவரே நேரடியாக, நிதி போய்ச்சேர வேண்டிய அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால்தான் அவரவர் பெயரில் ரசீது வரும். ரூ. 2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்காது.

முந்தின இரவு பிரியாணி வேண்டாம். காலையில், ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு மூன்று இட்லி. இந்த ஊர் வெயிலில் எட்டு மணிக்கே வியர்வை கொட்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 6 மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து ஆளுக்கொரு பாட்டில் எடுத்துப் போங்கள்.

முடிந்ததும் கண்ணைக் கசக்காதீர்கள், சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். உச்சி வெயிலில் வைத்தால் பசை விட்டுப் போகும். சிராய்ப்பை சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கடைசி டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதை ஓட்டத்துக்கு முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். எலி மூத்திரம் கலந்த சேற்றிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றலாம். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் டாக்டரிடம் "சேற்றில் இறங்கினேன்" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண வைரல் காய்ச்சல் என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட வாய்ப்புண்டு.