முந்நூறு சொல்லில் ஒரு சிரிப்பு விளையாட்டு

ட்வைன் என்ற இலவச மென்பொருளில், இணைப்புகளைச் சொடுக்கிச் சொடுக்கிப் படிக்கும் கதை விளையாட்டு எழுதுகிறவர்களுக்கு 300 சொல் பழகிய அளவு. 2015இல் போர்பென்டைன் என்ற விளையாட்டு எழுத்தாளர் நடத்திய ட்வைனி ஜாம் என்ற விளையாட்டு எழுதும் நிகழ்வு வைத்த வரம்பு அது. பின்னால் வந்த நியோ ட்வைனி ஜாம் 500 சொல் வரை அனுமதித்தது. நகைச்சுவைக்கு 300 தாராளமாகப் போதும். இந்த வகையில் சிரிப்பின் பாதியை வாசகரின் சொடுக்கு சுமந்துவிடும், மீதியைத்தான் சொற்கள் சுமக்க வேண்டும்.

முதலில் சூழலைத் தேர்ந்தெடுங்கள். விளக்கம் தேவைப்படாத சூழலாக இருக்க வேண்டும். விண்கலத்தையோ மாய உலகத்தையோ எடுத்தால், இடத்தைச் சொல்லி முடிப்பதற்குள் 80 சொல் போய்விடும். 'கிளம்புறேன்' என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நிற்கும் விருந்தாளியை எல்லாருக்கும் தெரியும். அதையே மாதிரியாக எடுத்துக்கொள்வோம். வாசகருக்கு அவசரமான ஆசை ஒன்று வேண்டும், அதற்கு மரியாதையான தடை ஒன்று வேண்டும்.

'பெரியப்பா எழுந்துவிட்டார். சரி, கிளம்புறேன். உள்ளே டிவியில் கடைசி ஓவர் தொடங்குகிறது. கதவு உன் கையில்.'

மொத்தம் 12 சொல். ஆள், இடம், ஆசை, கெடு நான்கும் வந்துவிட்டன. இதற்குமேல் ஓர் அடைமொழிகூடச் சேர்க்க வேண்டாம்.

அடுத்தது கணக்கு. தொடக்கத்துக்கு 30 சொல், நடுவில் எட்டுப் பக்கங்களுக்குத் தலா 20, மூன்று முடிவுகளுக்குத் தலா 25, தலைப்புக்கும் பெயருக்கும் 10. மீதி 25 சொல்லைக் கடைசித் திருத்தத்துக்குத் தொடாமல் வையுங்கள். நிரலும் இணைப்பில் வரும் சொற்களும் கணக்கில் சேருமா என்பது போட்டிக்குப் போட்டி மாறும். விதியை முன்னதாகவே படித்துவிடுங்கள். ட்வைன் காட்டும் சொல் எண்ணிக்கை பக்கங்களுக்குள் இருப்பதை எல்லாம் எண்ணும். அதனால் திரையில் தெரியும் உரையை மட்டும் தனியாக நகலெடுத்தும் ஒருமுறை எண்ணுங்கள்.

தமிழில் ஒட்டுகள் சேர்ந்து ஒரே சொல்லாவதால் நமக்கு இங்கே பெரிய வசதி. 'உட்கார்ந்துவிட்டார்' ஒரே சொல். வினைமுற்றே ஆளைக் காட்டுவதால் 'நீ', 'அவர்' எல்லாம் பெரும்பாலும் வேண்டியதில்லை. ஆனால் எண்ணிக்கையைக் குறைப்பதற்காகத் தனிச் சொற்களை ஒட்டி எழுதினால் வாசகர் தடுக்கி விழுவார். தடுக்கிய இடத்தில் சிரிப்பு வராது.

இனி இணைப்புகள். ட்வைனில் இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதுவது சொடுக்கும் இணைப்பாகிவிடும். அம்புக்குறிக்குப் பின்னால் வருவது போய்ச்சேரும் பக்கத்தின் பெயர். அது திரையில் தெரியாது.

[[செருப்பை எடுத்து வை->செருப்பு]]
[[கொட்டாவி விடு->கொட்டாவி]]
[[வண்டிச் சாவியை நீட்டு->சாவி]]

மூன்றுமே வாசகர் நம்பிச் செய்யக்கூடிய காரியங்கள். இதுதான் முக்கியம். இணைப்பிலேயே கோமாளித்தனம் செய்துவிட்டால், உள்ளே போகும்போது எதிர்பார்க்க ஒன்றும் மிஞ்சாது. இணைப்பு நேர்மையான முயற்சியாக இருக்கட்டும், பக்கம் அதைக் கவிழ்க்கட்டும். 'கொட்டாவி' பக்கத்தில் 'கொட்டாவி விட்டாய்' என்று தொடங்குவது வீண். சொடுக்கியபோதே அது நடந்துவிட்டது. நேராக அம்மாவிடம் போங்கள்: 'தூக்கம் வருதா? இரு, எல்லாருக்கும் காபி போடறேன். பெரியப்பா உட்கார்ந்துவிட்டார்.'

'சாவி' பக்கத்தில்: 'இது உங்க அப்பா வண்டிச் சாவி. நான் பஸ்லதான் வந்தேன். கடைசி பஸ் போயிருக்குமே? அம்மா கையில் பாய்.' இதில் கடைசிச் சொல்லைப் பாருங்கள். தமிழ் வாக்கியம் வழக்கமாக வினையில் முடியும். 'அம்மா பாயை எடுத்துக்கொண்டு வந்தாள்' என்று எழுதினால் 'பாய்' நடுவிலேயே வெடித்துவிடும், பின்னால் வரும் சொற்கள் அதன்மேல் தண்ணீர் ஊற்றும். வினையை எடுத்துவிட்டுப் பெயர்ச்சொல்லில் நிறுத்தினால் ஒரு சொல்லும் மிச்சம், அடியும் சரியான இடத்தில் விழும். எல்லாப் பக்கத்திலும் இப்படிச் செய்யக்கூடாது. மூன்றாவது தடவையில் வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

சொல்லை மிகவும் மிச்சப்படுத்துவது சுழற்சிதான். செருப்பு, கொட்டாவி இரண்டும் 'வாசல்' என்ற ஒரே பக்கத்துக்குத் திரும்பட்டும். ஆனால் திரும்பி வரும்போது அதே வாசகம் நின்றால் வாசகர் விளையாட்டு கெட்டுப்போனதாக நினைப்பார். ட்வைனின் இயல்பான கதை வடிவம், அதாவது கதையைத் திரையில் ஓட்டும் நிரல் தொகுதி, ஹார்லோ. அதை ஷுகர்க்யூப் என்று மாற்றிக்கொண்டால், விசிட்டட் (visited) என்ற செயற்கூறு ஒரு பக்கத்துக்கு வாசகர் எத்தனையாவது தடவையாக வந்திருக்கிறார் என்று சொல்லும். அந்த எண்ணை வைத்து, முதல் தடவை 'அப்போ வர்றேன்', இரண்டாம் தடவை 'சரி, வர்றேன்', மூன்றாம் தடவை பெரியப்பா செருப்பைக் கழற்றுகிறார் என்று மாற்றுங்கள். இரண்டு தடவை ஒத்துப்போய் மூன்றாவதில் முறிவதே போதும். ஏழு வகை எழுத இங்கே இடமில்லை. தற்செயலாக ஒன்றை எடுத்துக்காட்டும் முறையை நாட வேண்டாம். மிக நல்ல வரி பலர் கண்ணில் படாமலே போய்விடும்.

ஓவருக்கு ஆறு பந்து. ஒவ்வொரு திரும்பலுக்கும் ஒரு பந்து போகட்டும், ஆறாவதில் கதை முடியட்டும்: 'ஆட்டம் முடிந்தது. பெரியப்பா கேட்கிறார்: யார் ஜெயிச்சது?' மீதிப் பந்தை ஒரு மாறியில் (எண்ணை நினைவில் வைக்கும் பெயர்) வைத்து எண்ணுகிறவர்கள் அதன் தொடக்க மதிப்பைத் தொடக்கப் பக்கத்திலேயே கொடுக்க வேண்டும். 'வாசல்' பக்கத்தில் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் மறுபடி ஆறாகி, விளையாட்டு முடியவே முடியாது. அடிக்கடி நடக்கும் தவறு இது. ஷுகர்க்யூபில் பக்கப்பட்டியில் முன்னும் பின்னும் போகும் பொத்தான்கள் இருக்கும். அவற்றை அமைப்பில் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வாசகர் பின்னால் போய்ப் போன பந்தை மீட்டுக்கொள்வார், சிக்கிக்கொண்ட உணர்வே இருக்காது.

எழுத்து எழுத்தாகத் தட்டச்சாகும் விளைவையும் தவிர்க்கலாம். தமிழில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியாக வந்தால் 'க' முதலில் தோன்றிப் பிறகு 'கொ' ஆக மாறும், கண் அதிலேயே நிற்கும். வரி இடைவெளி தாராளமாக இருந்தால் தமிழ் எழுத்து நெருக்கியடிக்காமல் இருக்கும்.

முடிந்ததும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக வெளியிடலாம். இட்ச் (itch.io) என்ற விளையாட்டுத் தளத்தில் ஏற்றும்போது திட்ட வகையை எச்டிஎம்எல் என்று வைத்து, உலாவியிலேயே விளையாடும் கோப்பு என்ற கட்டத்தைக் குறியிடுங்கள். உலாவியில் ஓடும் ட்வைன், கதையை அந்த உலாவிக்குள்ளேயே சேமிக்கும். தரவை அழித்தால் கதையும் போய்விடும். தினமும் ஒரு காப்புக் கோப்பு எடுத்துவையுங்கள்.

வெளியிடுவதற்குமுன் இரண்டு பேரை விளையாட வைத்து, பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். சிரிப்பு எந்த வரியில் வந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் அதற்குப் பின்னால் இருக்கும் வாக்கியத்தை அழித்துப் பாருங்கள். பத்துப் பக்கத்தில் இப்படி முப்பது சொல்லாவது விடுபடும். மூன்றாவது முடிவை எழுத அது போதும்.