உலாம் ராஜா: வளர்ப்பதிலும் சாப்பிடுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்த பிறகும், மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் வேலியோரத்தில் நாலு உலாம் ராஜா செடி வைக்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. சோற்றோடு பச்சையாகச் சாப்பிடும் இலைகளைத்தான் மலாயில் உலாம் என்பார்கள். தானாக முளைக்கிற செடிதான். அதைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான்.

முதலில் நிழல். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்திலிருந்து வந்த வெட்டவெளிச் செடி இது. ரம்புத்தான் மரத்தடியில் வைத்தால் வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென்று போய், ஒரு பெருமழைக்கே சாய்ந்துவிடும். ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படவேண்டும். சாய்ந்த செடியைப் பார்த்ததும் சத்து போதவில்லை என்று கோழி எருவை அள்ளிக் கொட்டுகிறார்கள். மட்காத எரு வேரைக் கருக்கிவிடும். யூரியா போட்டால் தண்டு இன்னும் மெலிந்து நீளும். மட்கிய உரம் ஒரு கைப்பிடி போதும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காதபடி மண்ணை மேடாக்கி வைத்தால் சரி.

அப்புறம், கிள்ளாமல் விடுவது. செடி முழங்கால் உயரம் வந்ததும் நுனியை ஒரு கணுவுக்குச் சற்று மேலே கிள்ளுங்கள். கணுவில் இலைகள் எதிரெதிராக இருக்கும். அந்த இரண்டு கக்கத்திலிருந்தும் புதுக்கிளை வரும். மொட்டு விடும்வரை இப்படியே பறித்துக்கொண்டிருக்கலாம். பூத்துவிட்டால் இலை முற்றிப் போகும்.

எனக்கு மனசு பொறுக்காத தவறு ஒன்று உண்டு: செம்பனைத் தோட்ட ஓரத்திலும் சாலையோரத்திலும் இந்தச் செடியின் இளஞ்சிவப்புப் பூவைக் கண்டதும் இறங்கிப் பறிப்பது. அங்கெல்லாம் களைக்கொல்லி அடிப்பார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை. ஆனால் வேறு மருந்துகள் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான கிளைபோசேட் அடித்த செடி அன்றைக்கே வாடாது, சில நாள் பச்சையாகவே நிற்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முதுகில் பம்பைச் சுமந்து மருந்து அடித்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அந்த மருந்தின் கெடுதல் தெரிந்த நாம், அது பட்ட இலையைப் பிள்ளைகளுக்குப் பச்சையாகக் கொடுக்கலாமா? வீட்டு இலையையும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் பூப்பது வேறு இனம், அழகுக்கு வைப்பது. உலாமுக்கு அதைப் பறிக்க வேண்டாம்.

சமைக்கும்போது கீரை மாதிரி வேகவைத்தால் மாங்காய் சாயலான அந்த வாசனை போய்விடும். பெலாச்சான் (இறால் விழுது) சேர்த்த மிளகாய்ச் சம்பலோடு பச்சையாகச் சாப்பிடுவதே ருசி. சைவக்காரர்கள் தேங்காய், பச்சை மிளகாய், புளியோடு வதக்காமல் துவையல் அரைக்கலாம். இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இது சாப்பாட்டு இலை, மருந்துக்கு மாற்று இல்லை.

விதைக்கு இரண்டு செடியைப் பூக்கவிடுங்கள். பச்சைக் காயைப் பறித்தால் முளைக்காது. ஊசி போல மெலிந்து, கறுத்துக் காய்ந்து, நுனியிலுள்ள முள் சட்டையில் ஒட்டிக்கொள்ளும் பருவத்தில் எடுத்து, காகித உறையில் போட்டு வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூசணம் பிடித்துவிடும்.