செக்யூரிட்டி கிளியரன்ஸ்: இன்றைய கஞ்சா, நாளைய படிவம்

மாணவர் விசாவிலோ எச்1பி-யிலோ அமெரிக்கா வந்தவருக்கு செக்யூரிட்டி கிளியரன்ஸ் (அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதி) கிடையாது, அதற்குக் குடியுரிமை வேண்டும். ஆனால் குடியுரிமை வாங்கி, ராணுவ ஒப்பந்த நிறுவனத்தில் வேலை கேட்கும்போது எஸ்எஃப்-86 என்ற படிவம் வரும். நூறு பக்கத்துக்கு மேல். அதன் 23-ஆம் பகுதி, கடந்த 7 ஆண்டுகளில் போதைப்பொருள் தொட்டதுண்டா என்று கேட்கிறது.

கலிஃபோர்னியாவில் ரசீதோடு விற்கிறார்களே என்ற வாதம் இங்கே எடுபடாது. மாநிலம் அனுமதித்தாலும் மத்திய அரசின் சட்டம்தான் கணக்கு. கஞ்சா கலந்த மிட்டாயும் சேரும். கஞ்சா வகைச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெயில், போதை தரும் டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டினால் அதுவும் கஞ்சாதான். லேபிளை நம்பிக் குடித்துவிட்டுச் சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டிக்கொள்ள வேண்டாம். அறைத்தோழர் ஊரிலிருந்து கொண்டுவந்த அல்பிரசோலம் (பதற்றத்துக்கானது), டிரமடால் (வலிக்கானது) மாத்திரையை 'தூக்கம் வரலை' என்று வாங்கிப் போடுவதும் மருந்தைத் தவறாகப் பயன்படுத்துவதே. நம்மவர்கள் பலர் இதை ஒரு குற்றமாகவே நினைப்பதில்லை.

கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவெடுக்க 2017 முதல் நடப்பில் உள்ள நெறிமுறையில் போதைப்பொருளுக்கு 'எச்' பிரிவு, நேர்மைக்கு 'இ' பிரிவு. 'எச்'சில் தப்ப வழியுண்டு: எப்போது, எத்தனை முறை, அந்தச் சகவாசத்தை விட்டாயிற்றா என்று பார்ப்பார்கள். இனித் தொடமாட்டேன், தொட்டால் கிளியரன்ஸை ரத்து செய்யலாம் என்று கையெழுத்திட்டுக் கொடுப்பதும் உதவும். மறைத்தால் இரண்டு பிரிவும் சேர்ந்துகொள்ளும். வேண்டுமென்றே சொன்ன பொய்க்கு 5 ஆண்டு வரை சிறையும் உண்டு. விசாரணை அதிகாரி பழைய அறைத்தோழரிடமும் பக்கத்து வீட்டிலும் பேசுவார். எதையாவது எழுதாமல் விட்டிருந்தால், அவர் ஆதாரத்தைக் காட்டுமுன் நீங்களே திருத்துங்கள். காட்டிய பிறகு ஒப்புக்கொள்வதற்கு மதிப்பு குறைவு.

கிரீன் கார்டு வைத்திருப்பவருக்குத்தான் சிக்கல் அதிகம். குடியுரிமைக்கான என்-400 படிவமும் குற்றச் செயல்கள் பற்றிக் கேட்கும். கைதே ஆகாவிட்டாலும், கஞ்சா பிடித்ததை ஒப்புக்கொண்டால் குடியுரிமை மறுக்கப்படலாம். மாநிலச் சட்டம் காப்பாற்றாது என்று 2019-இல் குடியேற்றத் துறை தெளிவுபடுத்தியது. அங்கே 'இல்லை' என்று எழுதிவிட்டு, பின்னால் எஸ்எஃப்-86-இல் 'ஆம்' என்றால், வாங்கிய குடியுரிமையே ஆட்டம் காணும். தொட்டிருந்தால், என்-400 நிரப்புமுன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கட்டணம் கொடுத்து ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.