கூட நிற்பதும் குறுக்கே நிற்பதும்: வீட்டார் விடும் சில பிழைகள்

வீட்டில் ஒரு மாற்றுத்திறனாளி இருந்தால் முன்னின்று நடத்த வேண்டியது குடும்பம்தான். ஆனால் சில வீடுகளில் முன்னுக்கு நின்றே அந்த ஆளை மறைத்துவிடுகிறோம்.

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் ஒரு செருப்புக் கடை என்று வையுங்கள். சக்கர நாற்காலியில் 25 வயது மகன். “தம்பிக்கு எந்த நிறம்?” என்று கடைக்காரர் அம்மாவைத்தான் கேட்பார். “கறுப்பத் தாங்க, ஊத்தை தெரியாது” என்று அம்மாவும் சொல்லி முடித்துவிடுவார். மகனின் கண் நீலச் செருப்பில் நிற்கும். “அவரிட்டயே கேளுங்க” என்று சொல்லிப் பழகுங்கள். பதில் வரச் சுணங்கும், சுணங்கட்டும்.

எல்லாவற்றையும் அம்மா தலையில் கட்டுவது அடுத்த பிழை. அவர் ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் படுத்தால், எந்த மருந்து எந்த நேரம் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கட்டாரில் இருக்கும் அண்ணன் காசு அனுப்புவதோடு சரி.

பிரதேச செயலகம் வழியாக மாற்றுத்திறனாளிக்குக் கிடைக்கும் கொடுப்பனவு வீட்டுச் செலவோடு கலந்துவிடும். கஷ்டப்பட்ட வீட்டில் அதைத் தவிர்க்கவும் ஏலாது. என்றாலும் அவர் கையில் கொஞ்சமாவது கொடுங்கள், எதற்கென்று கணக்குக் கேட்காமல்.

பெரிய பிழை வீட்டு விஷயத்தில்தான். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழமை. “எங்களுக்குப் பிறகு தங்கச்சி பார்ப்பாள்தானே” என்று தாய்தகப்பன் தாங்களே தீர்மானித்துவிடுவார்கள். தங்கச்சியையும் கேட்பதில்லை, மாற்றுத்திறனாளியான அண்ணனையும் கேட்பதில்லை. கலியாணப் பேச்சில் இதை எடுத்தால் சம்பந்தம் குழம்பும் என்ற பயம் வேறு. மறுகா தாய்தகப்பன் கண்மூடியதும், அவருக்குப் பின்விறாந்தையில் ஒரு கட்டில். யாரையும் குறை சொல்லி வேலையில்லை. பேசாமல் விட்டதன் பலன்.

எங்கே, யாரோடு இருக்க விருப்பம் என்று முதலில் அவரையே கேளுங்கள். அதைத் தெரிவு செய்வது அவருடைய உரிமை. இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 19ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. அந்த வீட்டில்தான் இருக்கப்போகிறார் என்றால், சீவியகாலம் முழுக்க அங்கே குடியிருக்கும் உரித்தை வீட்டு உறுதிப் பத்திரத்தில் எப்படி எழுதுவது என்று நொத்தாரிசிடம் விசாரியுங்கள். மருமகனாக வரப்போகிறவரையும் இருத்திவைத்துப் பேசுங்கள், கலியாணத்துக்கு முன்னமே.